எழுபது வளைவுக்கு எந்த டயர்?

கொல்லிமலைக்குச் சுற்றுலா வருகிறவர்கள் வளைவுகளை எண்ணுவார்கள். காரவள்ளியில் மலையேற ஆரம்பித்ததும் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் எண் போட்ட பலகை வரும். பின்சீட்டுப் பிள்ளைகள் முதல் பத்தைக் கத்திக் கத்தி எண்ணும். முப்பதில் யாராவது ஒருவர் பிளாஸ்டிக் பை கேட்பார். ஐம்பதில் காது அடைக்கும். எழுபதையும் தாண்டி மேலே வந்தால் முகத்தில் குளிர்ந்த காற்று, சோளக்காட்டில் சூடாக ஒரு டீ. வந்த களைப்பு அதோடு மறந்து போகும்.

மலைக்காரர்கள் வளைவை எண்ணுவதில்லை. அவர்கள் எண்ணுவது டயரை. ஒரு ஜோடி எத்தனை பலா சீசனுக்கு வந்தது, எத்தனை மழைக்குத் தாங்கியது என்பதுதான் அங்கே கணக்கு.

வளப்பூர் நாட்டுப் பக்கம் ஒரு தோட்டம். (கொல்லிமலையில் ஊர்களின் தொகுதிக்கு 'நாடு' என்றே பெயர். வளப்பூர் நாட்டில்தான் அறப்பளீஸ்வரர் கோயிலும் ஆகாய கங்கை அருவியும் இருக்கின்றன.) சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருக்கிறது. நடுநடுவே பலா, வாழை, காபி. சரிவில் கொஞ்சம் மரவள்ளி. தோட்டக்காரருக்கு அறுபது வயதுக்கு மேல். வண்டி ஓட்டுவது மகன். வீட்டில் எல்லோருக்கும் பொதுவான ஒரே பொருள் முற்றத்தில் நிற்கும் பிக்கப்.

அந்த வண்டி செய்யாத வேலை இல்லை. கீழே இறங்கும்போது பலாப்பழம், வாழைத்தார், மிளகு மூட்டை. மேலே ஏறும்போது உரம், சிமெண்ட், கோழித்தீவனம், மளிகை. ராத்திரியில் யாருக்காவது வயிற்றுவலி என்றால் முதலில் சாவி தேடப்படுவதும் அதற்குத்தான். அது ஓடும் பாதை மூன்று வகை. தோட்டத்துக்குள் செம்மண் தடம்: வெயிலில் புழுதி, மழையில் களி, இடையிடையே கூர்மையான கருங்கல். அடுத்து ஊர்களை இணைக்கும் குறுகலான தார்ரோடு. கடைசியில் எழுபது வளைவு. மூன்றையும் ஒரே நாளில், ஒரே நாலு டயர் கடக்க வேண்டும். சிக்கலே அங்கேதான் இருக்கிறது.

போன வருடம் ஆடி மாதம். வல்வில் ஓரி விழாவுக்காகச் செம்மேட்டில் பந்தல் போட்டுக்கொண்டிருந்த நேரம். ஆடி 17, 18 இரண்டு நாளும் மலை முழுக்கக் கூட்டம் இருக்கும் என்பதால், அதற்கு முன்பே பலாவை இறக்கிவிடலாம் என்று அப்பாவும் மகனும் கிளம்பினார்கள். விடியற்காலை, தூறல். மலைச்சாலையில் பாதி இறங்கியிருந்தபோது, வளைவு திரும்பும் நேரத்தில் முன்பக்க இடது டயர் சத்தத்தோடு போனது. பட்டன் தேய்ந்து போகவில்லை. பக்கச் சுவரில் நீளமாக ஒரு வெட்டு. முதல் நாள் தோட்டத் தடத்தில் ஏதோ கல் கிழித்திருக்கிறது, யாரும் குனிந்து பார்க்கவில்லை. வண்டி தடுப்புச் சுவரை உரசி நின்றது. பழங்கள் சில கீழே உருண்டு போயின. இருவருக்கும் அடியில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னபோது அம்மா ஒரு வார்த்தைதான் கேட்டார். "பழம் போனாப் போவுது. நீங்க ரெண்டு பேரும் ஒரே வண்டியில இருந்தீங்கல்ல?"

அதற்குப் பிறகு ஸ்டெப்னியைப் போட்டு, கிடைத்த ஒரு பழைய டயரையும் சேர்த்து வருடத்தை ஓட்டியாகிவிட்டது. இந்தச் சித்திரையில் பலா பிஞ்சு விட்டதும் அம்மாவே மிளகு விற்ற பணத்தில் ஒரு பகுதியை எடுத்து வைத்தார். நாலு டயரும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டும் என்பது நிபந்தனை.

மலையிலிருந்து இறங்கினால் சேந்தமங்கலம் வழியாக நாமக்கல். டயர் வாங்க இதைவிடப் பொருத்தமான ஊர் தமிழ்நாட்டில் குறைவு. வெளியூர்க்காரர்களுக்கு நாமக்கல் என்றால் முட்டையும் ஆஞ்சநேயரும். லாரிக்காரர்களுக்கு அது வேறு ஊர். பாடி கட்டும் பட்டறைகளும், கேஸ் டேங்கர் லாரிகளும், டயர் ரீட்ரேடிங் கூடங்களுமாக ஊர் முழுக்கச் சக்கரத்தில்தான் நிற்கிறது. பக்கத்தில் திருச்செங்கோடு, ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்குப் பேர் போனது. இந்த வட்டாரத்தில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால்கூட டயரைப் பற்றி நாலு விஷயம் காதில் விழும்.

மகன் முன்கூட்டியே மொபைலில் பார்த்து முடிவு செய்து வைத்திருந்தான். பெரிய பெரிய பட்டன், தோள்பட்டை வரை ஏறிய கட்டைகள், பக்கச் சுவரில் வெள்ளை எழுத்து. பார்த்தாலே காடு மேடெல்லாம் ஏறிவிடும் போலிருக்கும். அப்பாவுக்கு அதில் நம்பிக்கை இல்லை. அவர் ரீட்ரேடு டயர் போதும் என்ற கட்சி.

கடைக்காரர் இருவரையும் உட்கார வைத்து டீ சொன்னார். டயரை எடுத்துக் காட்டவில்லை. முதலில் கேள்வி கேட்டார்.

"ஐயா, நூறு கிலோமீட்டர் ஓடுனா அதுல எவ்வளவு மண்ணு, எவ்வளவு தாருங்க?"

அப்பா யோசித்தார். "மண்ணு பத்து வரும். மழைக்காலத்துல அந்தப் பத்துதான் தம்பி உசுர வாங்குது."

"மீதி தொண்ணூறும் தாரு. அதுல பாதி வளைவு. அப்படித்தானுங்களே?"

மகன் காட்டிய படத்தை அவர் வாங்கிப் பார்த்தார். "தம்பி, இது எம்.டி. சேத்துக்குன்னே செஞ்சது. சேத்துல இது ராஜா. ஆனா பட்டனுக்கு நடுவுல இவ்வளவு இடைவெளி இருந்தா, தார்ல தரையோட ஒட்டுற ரப்பர் கம்மி. மழைல நனைஞ்ச தார்ல, லோடோட, இறக்கத்துல பிரேக் போட்டுப் பாரு. சத்தமும் ஜாஸ்தி. தார்லயே ஓட்டுனா சீக்கிரம் தேஞ்சும் போகும்."

நெடுஞ்சாலைக்கு என்று செய்த எச்.டி. டயர் நேர் எதிர். தாரில் சத்தமில்லாமல், நன்றாகப் பிடித்து ஓடும். ஆனால் களியில் அதன் பள்ளமெல்லாம் மண் அடைத்து வழுவழுவென்று ஆகிவிடும். பெரும்பாலும் பக்கச் சுவரும் மெல்லிசு. இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஏ.டி. எல்லாத் தரைக்கும் ஆன டயர். பட்டன் பெரிதாக இருக்கும், ஆனால் நெருக்கமாக இருக்கும். பட்டனுக்கு மேல் கத்தியால் கீறியது போல மெல்லிய கோடுகள் ஓடும். ஈரத் தாரில் பிடி கொடுப்பது அந்தக் கோடுகள்தான். நல்ல ஏ.டி. டயரின் பள்ளத்துக்குள் குனிந்து பார்த்தால் சின்னச் சின்ன மேடுகள் தெரியும். கல் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளாமல் வெளியே தள்ள அவை. மாட்டிய கல் வெளியே வராவிட்டால் ஒவ்வொரு சுற்றுக்கும் துளைபோடும் கருவி மாதிரி உள்ளே இறங்கிக்கொண்டே போகும்.

"அப்ப ஏ.டி.யே குடுங்கண்ணா" என்றான் மகன்.

"குடுக்கறேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு பாத்துக்க."

இரண்டு டயரை உருட்டி வந்தார். இரண்டும் ஏ.டி. இரண்டும் அதே ரிம்மில் ஏறும். பார்வைக்கு முதல் டயர்தான் முரட்டுத்தனமாக இருந்தது. இரண்டாவது கொஞ்சம் சாதுவாக, வேலைக்காரன் மாதிரி இருந்தது.

டயரின் பக்கச் சுவரில் அச்சடித்திருக்கும் எண்களைப் பெரும்பாலோர் படிப்பதில்லை. படிக்கத் தெரிந்தால் அது ஒரு ஜாதகம். உதாரணமாக 215/75 ஆர் 15 என்று இருந்தால், டயரின் அகலம் 215 மில்லிமீட்டர். பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 75 சதவிகிதம். ஆர் என்றால் ரேடியல். 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். கடைக்காரர்கள் கேட்பதும், நாம் சொல்வதும் இதோடு நின்றுவிடும். அதற்கு அடுத்து இன்னொரு எண் இருக்கிறது. அது சுமை எண். அதில் 100 என்று இருந்தால் அந்த ஒரு டயர் தாங்கக்கூடியது 800 கிலோ. 104 என்றால் 900. 108 என்றால் 1,000. 112 என்றால் 1,120 கிலோ. சாய்கோடு போட்டு இரண்டு எண் இருந்தால், முதலாவது ஒற்றைச் சக்கரத்துக்கு, அடுத்தது லாரி போல இரட்டைச் சக்கரத்துக்கு. எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் ஆங்கில எழுத்து வேகத்துக்கானது. கியூ என்றால் மணிக்கு 160 கிலோமீட்டர். கொல்லிமலையில் அந்த எழுத்துக்கு வேலையே இல்லை.

கடைக்காரர் முரட்டு டயரின் மேல் விரல் வைத்தார். 100. சாது டயரில் 112.

"இது ஜீப்பு, கார் மாதிரி குடும்ப வண்டிக்கு. ஏழு பேரு ஏறுவாங்க, பொட்டி நாலு வெப்பாங்க. உங்க வண்டி காலியா இருந்தாலே ஒண்ணரை டன்னுக்கு மேல. ஒண்ணரை டன் பலா ஏத்துனா மூணைத் தாண்டிடும். அதுல பின்பக்கம் மட்டும் ரெண்டு டன் உக்காரும்னு வெச்சுக்கங்க. இது ரெண்டு போட்டா எவ்வளவு தாங்கும்?"

மகன் மனசுக்குள் கூட்டினான். "ஆயிரத்து அறுநூறு."

"இது?"

"ரெண்டாயிரத்து இருநூத்தி நாப்பது."

அப்பா டீ டம்ளரைக் கீழே வைத்தார். வெள்ளை எழுத்து பற்றிய பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை.

சுமை வண்டிக்கான டயரில் எல்.டி. என்ற எழுத்தோ, 8 பி.ஆர். போல ஓர் எண்ணோ இருக்கும். பி.ஆர். என்பதை அடுக்கு என்று சொல்வார்கள். அந்தக் காலப் பருத்தி நூல் டயரில் நிஜமாகவே அத்தனை அடுக்கு இருந்தது. இப்போது நூலும் கம்பியும் வலுவாகிவிட்டதால் எட்டு என்று போட்டிருந்தாலும் உள்ளே எட்டு அடுக்கு இருக்காது, எட்டு அடுக்கின் பலம் இருக்கும். தோட்டத் தடத்தில் கல் கிழிக்கும் இடம் பக்கச் சுவர்தான் என்பதால், இந்த எண் கூடுதலாக இருப்பது மலைக்காரர்களுக்கு நல்லது. கூடவே ஒரு சங்கடமும் உண்டு. சுவர் தடித்தால் காலி வண்டியில் குலுக்கல் அதிகம். அம்மா முன்சீட்டில் உட்கார்ந்து சந்தைக்கு வரும் நாளில் அதைப் பற்றிப் பேச்சு வாங்க வேண்டியிருக்கும்.

அப்பா தன் பக்கத்து வாதத்தை அப்போதுதான் எடுத்தார். "நைலான் டயர்னா கல்லுக்குத் தாங்கும். எங்கப்பா காலத்து ஜீப்புல அதான். தேஞ்சா ரீட்ரேடு போட்டு ஓட்டிக்கலாம்."

அதில் நியாயம் இருக்கிறது. நைலான் டயர் என்று ஊரில் சொல்வது குறுக்குவாட்டில் நூல் பின்னிய பழைய வகை. அதன் பக்கச் சுவர் முரடு. ஆனால் ஓடும்போது சூடு அதிகம் ஏறும், தேய்மானமும் டீசலும் கூடும். ரேடியலில் நூல் குறுக்கே நேராக ஓடி, பட்டனுக்கு அடியில் எஃகுக் கம்பிப் பட்டை இருக்கும். சூடு குறைவு, ஆயுள் அதிகம், வளைவில் தரையை விடாது. சுவர் மட்டும் கொஞ்சம் இளகல். அதனால்தான் ரேடியல் வாங்கினால் சுவர் பலமான எல்.டி.யாகப் பார்த்து வாங்க வேண்டியிருக்கிறது.

ரீட்ரேடிங்கைக் கேவலமாகப் பேசுவதும் சரியில்லை. எம்.ஆர்.எஃப். நிறுவனமே 1946-ல் திருவொற்றியூரில் பலூன் செய்யும் சின்னக் கூடமாக ஆரம்பித்து, 1952-ல் ரீட்ரேடிங்குக்கான ரப்பர் பட்டை செய்ததில்தான் டயர் உலகத்துக்குள் நுழைந்தது. முழு டயர் தயாரித்ததெல்லாம் பிறகு. நாமக்கல் லாரிக்காரர்கள் இன்றைக்கும் உடம்பு நன்றாக இருக்கும் டயரை ரீட்ரேடு செய்து பின்னால் போடுகிறார்கள். ஆனால் ஸ்டியரிங் திரும்பும் முன்சக்கரத்துக்கு ரீட்ரேடு போடக் கூசுவார்கள். கொல்லிமலை பிக்கப்பில் முன்சக்கரம் படும் பாடு தனி. பாரம் ஏற்றியபடி இறங்கும்போது எடை முன்னால் சாய்கிறது. எழுபது வளைவிலும் அந்தச் சக்கரம்தான் திரும்பித் திரும்பித் தோள்பட்டை தேய்கிறது.

"லாரி வேற, உங்க வண்டி வேறங்க ஐயா. அதுல பின்னாடி ஒண்ணு போனா பக்கத்துல இன்னொண்ணு தாங்கும். உங்களுக்கு மூலைக்கு ஒண்ணுதான்" என்றார் கடைக்காரர்.

விலை சொன்னார். அம்மா கொடுத்தனுப்பிய தொகையைவிடக் கொஞ்சம் கூட. மகன் அதே டயர் இன்னொரு கடையில் தள்ளுபடிக்குக் கிடைப்பதாகச் சொன்னான். கடைக்காரருக்குக் கோபம் வரவில்லை.

"போய் வாங்கிக்க தம்பி. வாங்கறப்ப டாட்னு எழுதியிருக்கற வரிசைல கடைசி நாலு நம்பரைப் பாத்து வாங்கு. 0819-னு இருந்தா 2019-ஆம் வருசம் எட்டாவது வாரம் செஞ்சது. ரப்பர் ஓடுனாலும் கிழவன் ஆவும், ஓடாம மூலைல கெடந்தாலும் கிழவன் ஆவும்."

தள்ளுபடி டயர்கள் எல்லாம் பழசு என்று இல்லை. ஆனால் அந்த நாலு எண்ணைப் பார்க்காமல் பணம் எண்ணிக் கொடுப்பது, மாட்டுக்குப் பல் பார்க்காமல் விலை பேசுவது மாதிரி. கூடவே ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். டயருக்கு அது கட்டாயம்.

அப்பா கடையில் இருந்த நாலு டயரின் எண்ணையும் மகனைப் படிக்கச் சொன்னார். நாலும் அந்த வருடத்தவை. மீதிப் பணம் மிளகு வியாபாரியிடமிருந்து வர வேண்டிய பாக்கியில் தருவதாகப் பேச்சு. பல வருடப் பழக்கம், கடைக்காரர் தலையாட்டினார்.

டயர் மாட்டும் பையன் பழைய டயர்களைக் கழற்றிப் போட்டபோது, ஸ்டெப்னியின் பள்ளத்தில் தேய்மானக் குறி பட்டனோடு சமமாகியிருந்தது. பள்ளத்துக்குள் ஆங்காங்கே இருக்கும் அந்தச் சின்னத் திட்டு 1.6 மில்லிமீட்டர் உயரம். பட்டன் அதன் மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் டயரின் காலம் முடிந்தது. அதற்கு மேலும் ஒரு சீசன் ஓட்டுவது மலையில் சகஜம். போன வருடம் இவர்களும் அதைத்தான் செய்திருக்கிறார்கள். அலைன்மெண்ட் பார்த்து, பேலன்சிங் செய்து, பழையதில் சுமாராக இருந்த ஒன்றை ஸ்டெப்னிக்கு வைத்து முடிக்க மதியம் ஆகிவிட்டது.

கிளம்பும்போது கடைக்காரர் ஜன்னலோரம் வந்தார். காற்றைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் அவருக்குத் தூக்கம் வராது போலிருக்கிறது. காற்று அளவு கதவோரம் ஒட்டியிருக்கும் வில்லையில் இருக்கிறது, காலிக்கு ஒன்று, பாரத்துக்கு ஒன்று. டயர் ஆறியிருக்கும்போதுதான் அளக்க வேண்டும். களியில் சிக்கினால் கொஞ்சம் இறக்கிவிட்டு ஏறலாம், தவறில்லை. ஆனால் அப்படியே எழுபது வளைவு இறங்கினால் சுவர் மடிந்து மடிந்து சூடேறி, எந்த டயராக இருந்தாலும் போய்விடும். "சின்ன பம்ப் ஒண்ணு வண்டிலயே வெச்சுக்கங்க. அப்புறம் தம்பி, எறங்கறப்ப கியர்ல எறங்கு. பிரேக்க மிதிச்சுக்கிட்டே எறங்குனா அந்தச் சூடு ரிம்முக்கு வரும், ரிம்முலருந்து டயருக்கு வரும்."

திரும்பும் வழியில் காரவள்ளியைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. மகன் இரண்டாவது கியரிலேயே ஏற்றினான். புது டயரின் மேல் ஒரு வழுவழுப்பு இருக்கும், முதல் சில நூறு கிலோமீட்டர் நிதானமாக ஓட்டச் சொல்லியிருந்தார்கள். முள்ளுக்குறிச்சி வழியாகச் சுற்றிப் போயிருந்தால் வளைவு குறைவு. ஆனால் அப்பா இந்த வழியில்தான் போக வேண்டும் என்றார். போன வருடம் உரசிய தடுப்புச் சுவர் வந்தபோது இருவரும் அதைப் பார்த்தார்கள். சுவரில் வெள்ளைக் கீறல் அப்படியே இருந்தது. யாரும் எதுவும் பேசவில்லை.

வீட்டில் அம்மா குடை பிடித்து வந்து நாலு பக்கமும் சுற்றிப் பார்த்தார். "ஸ்டெப்னி புதுசு இல்லியே?" என்றார் முதலில். பிறகு பாக்கி எவ்வளவு என்று கேட்டார்.

இப்போது வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை மகனுக்கு ஒரு வேலை. ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்து பள்ளத்தில் மாட்டிய கற்களைக் குத்தி எடுக்கிறான். பக்கச் சுவர் முழுக்கக் கையால் தடவிப் பார்க்கிறான், உள்பக்கமும்தான். உள்பக்கத்து வெட்டு கண்ணில் படாது, கையில்தான் படும். சில மாதங்களுக்கு ஒருமுறை முன்னும் பின்னும் மாற்றிப் போடுவதாக முடிவு. பலாவை ஒரு நடையில் ஏற்றுவதை இரண்டு நடையாக்கியிருக்கிறார்கள். டீசல் கூடுதல்தான். அம்மா அந்தக் கணக்கை மட்டும் கேட்பதில்லை.

போன வாரம் சோளக்காட்டுச் சந்தையில் பக்கத்துத் தோட்டத்துக்காரர் வண்டியைச் சுற்றி வந்தார். அவரும் டயர் மாற்ற வேண்டுமாம். "புதுசா மாமா? நல்லாத்தான் இருக்கு. என்ன கம்பெனி?"

அப்பா பதில் சொல்லாமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்தார். தோள்துண்டை எடுத்து, பக்கச் சுவரில் காய்ந்திருந்த செம்மண்ணைத் துடைக்க ஆரம்பித்தார், எண் தெரிகிற வரைக்கும்.